குப்பைமேனிக்கு ஒரு பரீட்சை!

குட்டீஸ், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீலமாக நீண்டு கிடக்கிறதே, அதுதான் கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்று. அங்கே வாழும் பழங்குடியினருக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளாக்காரர்கள் என்று நினைத்து விடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ்!

மலை மேலேயும் சரி, கீழே ஊர்களிலும் சரி, சொறி, சிரங்கு என்றால் பாட்டிமார்கள் தேடுவது குப்பைமேனி. இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசுவார்கள். இதற்குப் 'பூனைவணங்கி' என்றும் ஒரு பெயர் உண்டு. இதன் வேரைக் கண்டால் பூனைகளுக்கு அப்படி ஒரு குஷி!

சரி, இந்த இலை நிஜமாகவே கிருமியைத் தடுக்கிறதா? விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் தெரியுமா?

சிரங்கிலும் கட்டியிலும் சீழ் பிடிக்க வைக்கும் முக்கியமான பாக்டீரியா, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நுண்ணோக்கியில் திராட்சைக் கொத்து போலத் தெரியும். பத்துப் பேரில் மூன்று பேரின் மூக்கில் சாதுவாகக் குடியிருக்கும். தோலில் கீறல் விழுந்தால் போதும், உள்ளே நுழைந்துவிடும்.

கடற்பாசியிலிருந்து எடுக்கும் 'அகார்' என்ற ஜெல்லியை, கிருமிக்கான உணவோடு வட்டத் தட்டில் ஊற்றி உறைய வைப்பார்கள். அதன்மேல் இந்தக் கிருமியைத் தடவுவார்கள். குப்பைமேனி இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டிச் சாறு எடுப்பார்கள். அதில் நனைத்து உலர்த்திய சின்னக் காகித வட்டைத் தட்டின் மேல் வைத்து, 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு ராத்திரி விட்டுவிடுவார்கள். காலையில் தட்டு முழுக்கக் கிருமி மண்டியிருக்கும். சாறு வேலை செய்திருந்தால், காகிதத்தைச் சுற்றி மட்டும் தெளிவான வளையம்! அதை மில்லிமீட்டரில் அளப்பார்கள்.

அதே தட்டில் வெறும் ஆல்கஹாலில் நனைத்து உலர்த்திய வட்டு ஒன்றும் இருக்கும். ஏன்? ஆல்கஹாலே கிருமியைக் கொல்லுமே! அந்தப் பெருமை இலைக்குப் போய்விடக் கூடாதல்லவா?

தமிழகத்தில் நடந்தவை உட்படப் பல ஆய்வுகளில் குப்பைமேனிக்கு வளையம் விழுந்திருக்கிறது. இது நல்ல சேதிதான். ஏனென்றால், மெதிசிலின் என்ற மருந்துக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் 1961லேயே இங்கிலாந்தில் தலைகாட்டிவிட்டது. புது மருந்துகள் தேவைப்படுகின்றன.

ஆனால் தட்டு வேறு, தோல் வேறு. தட்டில் ஜெயித்த எத்தனையோ சாறுகள் மருந்தாக ஆனதே இல்லை. சாற்றில் எந்தப் பொருள் வேலை செய்கிறது, எவ்வளவு பூசலாம், எரிச்சல் வருமா என்றெல்லாம் பார்க்க வேண்டும். இலங்கையில் குப்பைமேனியைச் சமைத்துச் சாப்பிட்ட சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 'ஜி6பிடி' என்ற நொதி அவர்கள் உடலில் பிறவியிலேயே குறைவு.

இன்னொன்று: படர்தாமரைக்குக் காரணம் பூஞ்சை, சொறிக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி. பாக்டீரியாத் தட்டில் விழுந்த வளையம் இவை இரண்டைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

அதனால் வழியோரத்தில் பறித்த இலையைக் கசக்கி, ரத்தம் வரும் காயத்தில் வைக்காதீர்கள். அதில் ஒட்டிய மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். சுற்றிலும் சிவந்து பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ அப்பா அம்மாவிடம் சொல்லி உடனே மருத்துவரிடம் போங்கள்.