பீதியும் ஆகாரமும்

திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, இதோ உயிர் போகிறது என்னும் திகில் பிறக்கிறது. தக்க வைத்திய சிகிச்சையுள்ள இப்பீதி நோய்க்கு, 'வாழைப்பழம் உண்ணும், அதில் ஸெரொடோனின் உண்டு' என்று உபதேசிப்போர் பலர். உபதேசம் எளிது, தேகத்தின் நியதி வேறு.

1948-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ராப்போர்ட், கிரீன், பேஜ் என்னும் மூவர் மாட்டின் குருதியிலிருந்து பிரித்தெடுத்த வஸ்து இது. நம் தேகத்தில் இதன் பெரும்பகுதி குடலிலேயே இருக்கிறது. அது மூளைக்குள் புகாது, பழத்திலுள்ளதும் புகாது. டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்தைக் கொண்டு மூளை தானே அதை ஆக்கிக்கொள்ள வேண்டும். டிரிப்டோபனோ வேறு பல அமினோ அமிலங்களோடு ஒரே வாயிலில் முட்டி மோதித்தான் உட்செல்ல வேண்டும். ஆகவே புரதம் மிகுந்த உணவை உண்டால், டிரிப்டோபன் சேரினும் போட்டியாளர் அதனினும் பெருகிவிடுகின்றனர்! மாவுப்பொருள் உண்டாலோ, இன்ஸுலின் சுரந்து அப்போட்டியாளரைத் தசைகளுக்குள் அனுப்பிவிடுகிறது.

ஆயினும் ஆகாரத்துக்கும் பீதிக்கும் சம்பந்தமே இல்லையென்று தள்ளிவிடலாகாது. டிரிப்டோபன் அற்ற அமினோ அமிலக் கலவையைப் பருகிய நோயாளர், பின்னர் கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தபோது அவர்களுக்குத் திகில் அதிகரித்ததை ஆராய்ச்சியாளர் கண்டனர். நோயற்றவர்க்கோ அக்கலவை மட்டும் பீதியை உண்டாக்கவில்லை. குறைந்தால் கேடு என்பதினின்று, மிகுந்தால் நலம் என்று முடிவு கட்டுவது தர்க்கமாகாது.

1989-ல் அமெரிக்காவில் டிரிப்டோபன் மாத்திரைகளை உட்கொண்டவர்களில் 1,500-க்கு மேற்பட்டோர் கடுமையான தசைவலி நோய்க்கு ஆளாயினர், சிலர் மாண்டனர். மாத்திரையில் கலந்திருந்த மாசே காரணமெனப் பெரும்பாலோர் கருதினர். வைத்தியர் சீட்டின்றிக் கடையில் கிடைத்தவை அவை.