முதுமையில் தசையை எப்படி அளப்பது?

அறுபது வயதில் 65 கிலோ. எழுபத்தைந்திலும் அதே 65 கிலோ. எடை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஆனால் அந்த 65 கிலோவுக்குள்ளேயே தசை கரைந்து கொழுப்பு சேர்ந்திருக்கலாம். எடை இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

முதுமையில் நேரும் இந்தத் தசையிழப்புக்கு ‘சார்கோபீனியா’ என்று பெயர். 1980களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் சூட்டியது. வயது ஏற ஏற, தசையை இயக்கும் நரம்பணுக்கள் குறைகின்றன. விரைந்து சுருங்கும் தசை இழைகள்தான் அதிகம் மெலிகின்றன. கால் இடறும்போது சட்டென்று சமாளித்து நிற்க உதவுபவை அவையே. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

இந்த இழப்பை அளப்பது எளிதல்ல. எலும்பு அடர்த்தி பார்க்கப் பயன்படும் டெக்சா ஸ்கேன், உடலை எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரித்துக் காட்டும். அந்த ‘மற்றவை’யில் தசையோடு நீரும் உள்ளுறுப்புகளும் அடக்கம். அதனால் தசையின் உண்மையான அளவு அதில் மறைந்துபோகிறது.

இதற்கு ஒரு மாற்றுவழியை அமெரிக்க விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். நம் உடலில் உள்ள கிரியேட்டின் ஏறக்குறைய முழுவதும் தசையில்தான் இருக்கிறது. அது சிதைந்து கிரியேட்டினினாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜனால் அடையாளமிட்ட சிறிதளவு கிரியேட்டினை விழுங்கச் செய்து, சில நாள் கழித்துச் சிறுநீரைச் சோதித்தால், உடலில் எவ்வளவு தசை இருக்கிறது என்று கணக்கிடலாம். அமெரிக்காவில் முதிய ஆண்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், சராசரியாக 84 வயதான 1,382 பேரிடம் இதைச் செய்து பார்த்தார்கள். தசை குறைவாக இருந்தவர்கள் நடப்பதிலும் எழுவதிலும் பின்தங்கினார்கள். விழுந்து அடிபடும் வாய்ப்பும் அவர்களுக்கு அதிகமாக இருந்தது. டெக்சா அளவில் இந்தத் தொடர்பு இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

இந்தச் சோதனை இன்னும் ஆய்வுக்கூடங்களைத் தாண்டிப் பரவலாகவில்லை. ஆனால் தசையின் வலுவை அறிய அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வலுதான் தசையைவிட வேகமாகக் குறைகிறது. எழுபது வயதைக் கடந்தவர்களைப் பின்தொடர்ந்த மற்றோர் அமெரிக்க ஆய்வில், தசை குறைந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் காலின் வலு குறைந்தது.

ஆசியர்களுக்கென வல்லுநர் குழு 2019-இல் வகுத்த அளவுகோல்கள் எளிமையானவை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். ஆறு மீட்டரை நடந்து கடக்க ஆறு விநாடிக்கு மேல் ஆவதும், ஆண்களின் கைப்பிடி வலு 28 கிலோவுக்குக் கீழே இருப்பதும், அவர்களது கெண்டைக்காலின் சுற்றளவு 34 சென்டிமீட்டருக்குக் குறைவதும் எச்சரிக்கைகளே. நாற்காலிச் சோதனையை வீட்டில் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்பது அவசியம்.

அளந்து பார்த்து என்ன பயன் என்று கேட்கலாம். 1990-இல் பாஸ்டன் முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறை ஒட்டிய தளர்ந்த முதியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். தொடைத் தசையின் பரப்பு சராசரியாக 9 சதவீதம் கூடியது. பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலுவோ சராசரியாக 174 சதவீதம் கூடியது! தொண்ணூறு வயதிலும் தசை பயிற்சிக்கு இணங்குகிறது.

அதனால், ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடுவது தவறு. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் குறித்துவைக்கும் மருத்துவச் சீட்டில், நாற்காலிச் சோதனையின் விநாடிகளும் இடம்பெற வேண்டும். அந்த எண் கூடத் தொடங்கினால், மருத்துவரின் யோசனையோடு தசைக்குப் பயிற்சியும் போதிய புரதமும் தர வேண்டும். துணையின்றி எழுந்து நடப்பது முதியவரின் சுதந்திரம். அதைக் காப்பது மருத்துவத்தின் கடமை, குடும்பத்தின் கடமையும்கூட.