கார் தெரியாதவர் கொண்டுவந்த கார்!

ஆதம்பாக்கத்தின் குறுகலான தெருக்களில் இன்றைக்கும் ஒரு பழைய மாருதி 800 கண்ணில் பட்டுவிடும். அந்தக் காரைக் கொண்டுவந்தவர் அதற்குமுன் கார் தொழிலில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை.

அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கருவேலியில் பிறந்த வி.கிருஷ்ணமூர்த்தி, மின் பொறியாளர். திருச்சி பெல் ஆலையை வளர்த்து, பிறகு அந்த நிறுவனத்துக்கே தலைவரானவர். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாய்லரும் டர்பைனும்தான். 1981-ல் மாருதியை அவரிடம் ஒப்படைத்தது அரசு. அவர் சேர்த்துக்கொண்ட ஆர்.சி.பார்கவா, ஐ.ஏ.எஸ் அதிகாரி. அவருக்கும் கார் புதுசு!

தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவில்லை கிருஷ்ணமூர்த்தி. சின்ன கார் செய்வதில் கைதேர்ந்த ஜப்பானின் சுசுகியை, 26 சதவிகிதப் பங்கு கொடுத்துக் கூட்டாளியாக்கினார். ஆனால், ஆலை நடத்துவது அவருக்குப் பழகிய வேலை. அதிகாரி, தொழிலாளி எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே கேன்டீன். 1983 டிசம்பர் 14-ல் முதல் கார் வாடிக்கையாளர் கைக்குப் போனது.

அதே 1983-ல்தான் பெப்சியிலிருந்து ஆப்பிளுக்குத் தலைமையேற்கப் போனார் ஜான் ஸ்கல்லி. குளிர்பானம் விற்றவர். இரண்டே வருடங்களில், கம்பெனியைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியேற வேண்டியதாயிற்று. (விற்பனை என்னவோ ஸ்கல்லி காலத்தில் ஏறத்தான் செய்தது!)

அந்த 1985-ல், கிருஷ்ணமூர்த்தியைத் தேடி 'செயில்' தலைவர் பதவி வந்தது. இந்த முறை, உருக்கு!