ஒருவருக்கு இருந்தால் குடும்பத்திற்கே சோதனை

ஒல்லியான உடல், புகைப்பதில்லை, எண்ணெய்ப் பலகாரம் தொடுவதில்லை. அப்படிப்பட்டவருக்கும் நாற்பது வயதில் மாரடைப்பு வருவதுண்டு. ‘தலைவிதி’ என்பார்கள் உறவினர்கள். சில வேளைகளில் உண்மைக் காரணம் பரம்பரைக் கொலஸ்ட்ரால்.

எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பை ரத்தத்திலிருந்து அகற்றுவது கல்லீரலின் வேலை. மரபணுக் குறையால் அது சரிவர நடக்காதபோது, சிறு வயதிலிருந்தே ரத்தக் குழாய்களில் கொழுப்பு படிகிறது. உலகில் சுமார் 250 பேரில் ஒருவருக்கு இக்குறை உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு.

பலருக்கு அறிகுறியே தெரியாது. ரத்தச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும். பெரியவர்களுக்கு எல்டிஎல் 4.9 மில்லிமோலைத் தாண்டினால் சந்தேகிக்க வேண்டும். குதிகாலின் பின்புறத் தசைநார் தடித்திருப்பதும் ஓர் அடையாளம். சிங்கப்பூரில் 2025 ஜூன் 30 முதல், எல்டிஎல் 5.5-ஐ எட்டியவர்களுக்கான தேசிய மரபணுச் சோதனைத் திட்டம் நடப்பில் உள்ளது. ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளையும் சோதிக்க வேண்டும்.

உணவுக் கட்டுப்பாடு அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. முதலில் ஸ்டாட்டின் மாத்திரை, தேவைப்பட்டால் எஸெட்டிமைப், அதற்கும் குறையாவிட்டால் பிசிஎஸ்கே9 தடுப்பு ஊசி. பிள்ளைகளுக்கு 8 முதல் 10 வயதிலேயே மருந்து தொடங்கலாம். அளவு குறைந்ததும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கொழுப்பு மீண்டும் ஏறிவிடும்.

இந்தத் தீபாவளிக்கு உறவினர் கூடும்போது, இளவயதில் மாரடைப்பு கண்டவர் யார் யார் என்று கேட்டு வையுங்கள். அந்த விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.