வேன் உதறுகிறதா? முதலில் பிளக்கைப் பாருங்கள்

1984-ல் வந்து 2019-ல் உற்பத்தி நின்ற மாருதி ஆம்னி இன்றும் நம் மளிகைக் கடைகளுக்குச் சரக்கு சுமக்கிறது. பெங்களூரில் சரக்கெடுத்து ஓசூர் திரும்புகையில், அத்திப்பள்ளி டோல்கேட் வரிசையில் நம் பழைய வண்டி உதறி உதறி இருமுறை அணைந்தது. ஓட்டத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை. கார்புரேட்டரையே மாற்றச் சொன்னார் ஒரு மெக்கானிக். நல்லவேளை, மாற்றவில்லை.

மூன்றே சிலிண்டர், ஒன்று படுத்தாலும் குலுங்கும். வேறொரு மெக்கானிக், ஷாக் அடிக்காதபடி கையுறை போட்டுக்கொண்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். நல்ல சிலிண்டர் என்றால் எஞ்சின் மேலும் தள்ளாடும். இரண்டாவதில் மாற்றமே இல்லை; பிளக்கில் கரி. புதிது போட்டதும் பாதி உதறல் போயிற்று. மீதி, வெடித்திருந்த வாக்கும் குழாயால். அதில் காற்று புகுந்து பெட்ரோல் கலவை மெலிந்திருந்தது.

ஐடிலிங் ஸ்குரூவைத் திருகி உதறலை மறைப்போரும் உண்டு. பெட்ரோல் செலவுதான் ஏறும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் வயரைக் கழற்ற வேண்டாம், ஸ்கேனர் வைத்தே பார்க்கச் சொல்லுங்கள்.