எல்லைக்கோடும் மாற்று உலகமும்

நடந்தது வேறு விதமாக நடந்திருந்தால் இன்றைய நிலை என்னவாக இருக்கும்? இவ்வினா விஞ்ஞானப் புனைகதையில் தனிப்பிரிவு ஒன்றையே தோற்றுவித்துள்ளது. நம் நாட்டு வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகர் (1938–2025) எழுதிய ‘தி அட்வெஞ்சர்’ என்னும் சிறுகதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 1761-ஆம் ஆண்டு நடந்த மூன்றாம் பானிப்பட்டுப் போரில் விசுவாசராவ் குண்டுபட்டு மாண்டார், மராட்டியர் தோற்றனர். கதையிலோ குண்டு அவர் காதோரமாகச் சென்றுவிடுகிறது, மராட்டியர் வெல்கின்றனர், இந்திய வரலாறே வேறு வழியிற் செல்கிறது. வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் அம்மாற்று உலகில் சிறிது காலம் இருந்து மீள்கிறார்.

இங்கு மாற்றப்பட்டது ஒன்றே, குண்டின் பாதை. ஏனையவை அதன் விளைவுகள். களப்பணியாளருக்கு இம்முறை புதிதன்று. மண், விதை, நீர் ஆகியவை ஒத்த இரு பாத்திகளில் ஒன்றிற்கு மட்டும் உரமிட்டு விளைச்சலை ஒப்பிடுகிறோம் அல்லவா?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லைக் கிராம ஆசிரியர்கள் உதாரணம் தேடிப் பானிப்பட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்துடன் இணைந்தன. தமிழ் பேசுவோரும் வாழ்ந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு சற்று வடமேற்கே அமைந்திருந்தால் பாறசாலை மாணவனின் பாடமொழி மாறியிருக்கலாம். மழையும் மண்ணும் மாறியிரா. நெய்யாற்று நீரின் நிலை என்ன? அணையின் இடக்கரைக் கால்வாய் மூலம் விளவங்கோட்டு வயல்களுக்குச் சென்ற நீரைக் கேரளம் 2004-இல் நிறுத்தியது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. எல்லை வேறாயின் இவ்வழக்கு எழுந்திருக்குமா?

மாணவர் கூறும் விடைகளை இரு பகுதிகளாக எழுதச் செய்யலாம்: படத்தையும் பதிவேட்டையும் கொண்டு காரணம் காட்டத்தக்கவை ஒருபுறம், வெறும் ஊகங்கள் மறுபுறம்.

மாற்று உலகங்கள் மெய்யாகவே உள்ளனவா என மாணவர் வினவக்கூடும். குவாண்டம் கொள்கைக்கு ஹியூ எவரெட் 1957-இல் அளித்த விளக்கம் பல உலகங்கள் என்னும் கருத்துக்கு வழிகோலியது. எனினும் எச்சோதனையும் அதனை இன்னும் நிலைநாட்டவில்லை. ஓர் உலகினின்று மற்றொன்றிற்குச் செல்லலாம் என்று அவ்விளக்கம் கூறவுமில்லை. அப்பயணம் கதாசிரியரின் கற்பனையே. இதனையும் ஆசிரியர் தெளிவாக உரைத்தல் வேண்டும். கற்பனை வினாவை எழுப்பும். விடையை உறுதி செய்வது சான்றே.