ஒரு சாண் இடத்தில் எட்டு மணி நேரம்

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்டன் டி லாங், 1981ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் விந்தையான ஒரு சோதனையை விவரித்தார். ஓர் அறையை உண்மை அளவில் 6, 12, 24 மடங்கு சுருக்கி மாதிரிகள் செய்தார். அந்தச் சிற்றறைக்குள் பொம்மை உருவத்தில் தாமே நடமாடுவதாகப் பங்கேற்றவர்கள் கற்பனை செய்ய வேண்டும். அரை மணி நேரம் கழிந்ததாகத் தோன்றியதும் சொல்ல வேண்டும். 6 மடங்கு சுருங்கிய அறையில் ஏறக்குறைய 5 நிமிடத்திலும், 12 மடங்கு சுருங்கியதில் இரண்டரை நிமிடத்திலுமே அரை மணி கடந்துவிட்டதாக அவர்கள் உணர்ந்தார்கள். இடம் சிறுக்கச் சிறுக்க, கடிகாரத்தின் ஒரு நிமிடத்துக்குள் அதிக நேரம் வாழ்ந்ததாக மனம் கணக்கிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஆம்பூர்தான் நினைவுக்கு வந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரக் காலணித் தொழிற்சாலைகளில் பெரும்பாலோர் பெண்கள். கிராமங்களிலிருந்து கம்பெனிப் பேருந்தில் வருபவர்கள். ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் ஊறிய காலத்தில் வேலை வாரக்கணக்கில் நகர்ந்தது. தொட்டிகளும் தோல் காயும் வெளிகளும் விரிந்து கிடந்தன. இன்று ஷூவின் மேற்பாகத்தைத் தைப்பவருக்கு, ஊசிமுனையைச் சுற்றிய ஒரு சாண் இடமே பணியிடம். தலை நிமிர்ந்தால் அடுத்த துண்டு காத்திருக்கிறது.

மாதிரி அறையும் தையல் இயந்திரமும் ஒன்றல்ல என்பதை அறிவேன். கைவேலையில் ஆழ்ந்தவர்கள் பொழுது போனதே தெரியவில்லை என்பதும் உண்டு. ஆனால் அது தன் விருப்பத்துக்கு வேலை செய்பவரின் அனுபவம். மணிக்கு இத்தனை துண்டு என்று பிறர் எண்ணும் இடத்தில் கண் அடிக்கடி கடிகாரத்துக்குப் போகும். கவனித்துப் பார்க்கப்படும் நேரம் நீளும். பேருந்துக்குக் காத்திருந்த எவருக்கும் இது தெரியும்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்த மசோதாவை நிறைவேற்றியது. எதிர்ப்பு வலுத்ததால், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது என்பதே அரசுத் தரப்பின் வாதம். எட்டு மணி வீதம் 6 நாளும், 12 மணி வீதம் 4 நாளும் கூட்டினால் ஒன்றுதான். ஆனால் ஊசிமுனையில் கழியும் 12ஆவது மணியும் முதல் மணியும் ஒன்றாகுமா? அந்த விவாதத்தில் இக்கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

மசோதா போய்விட்டது; ஒரு சாண் இடம் அப்படியே இருக்கிறது. இடைவேளையை உணவுக் கூடத்துக்குள்ளேயே முடித்துவிடாமல், பத்து நிமிடமாவது திறந்தவெளியில் நிற்க விடலாம். ஆம்பூரில் நிமிர்ந்து பார்க்க மலைகளுக்குக் குறைவில்லை.